மீண்ட கால்கள்

டென்னிஸ் போட்டிகளின் முடிவுகளை நாளிதழ்கள் வெளியிடும்போது கலப்பு இரட்டையர் பிரிவின் முடிவு பெரும்பாலும் கடைசி வரியில்தான் இடம்பெறும். ஒற்றையர் பட்டம் வென்றவரின் பெயர் தலைப்பில் நிற்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து வென்ற பட்டத்தைப் படிக்காமலேயே பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவர். ஆயினும் ரிச்சர்டு நோரிஸ் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வீரரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1912இல் அமெரிக்கத் தேசியப் போட்டியிலும் 1924இல் ஒலிம்பிக்கிலும் அவர் கலப்பு இரட்டையர் பட்டங்களை வென்றார். இரு முறையும் அவருடைய கால்கள் அவருக்குத் துணை நிற்குமா என்பதே ஐயத்திற்குரியதாக இருந்தது.

ஜெனீவாவில் இளமை

நோரிஸ் வில்லியம்ஸ் 1891ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர். தந்தை சார்லஸ் டுவேன் வில்லியம்ஸ் பிலடெல்பியாவைச் சேர்ந்த வழக்கறிஞர். அமெரிக்க விடுதலையின் முன்னோடிகளுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் வழிவந்தவர். அயல்நாட்டில் வளர்ந்ததால் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் நோரிசுக்குத் தாய்மொழிபோல் கைவந்தன. டென்னிஸ் மட்டையை அவர் கையில் கொடுத்துப் பயிற்றுவித்தவரும் தந்தையே. நண்பர்கள் அவரை டிக் என்று அழைத்தனர்.

தந்தையைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாடும் தனித்தனியே டென்னிசை நடத்திக்கொண்டிருந்த அக்காலத்தில், எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தவர் அவர். அவ்வெண்ணம் 1913 மார்ச்சு மாதம் பாரிசில் 12 நாட்டுச் சங்கங்கள் கூடிப் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பை நிறுவியபோது உருப்பெற்றது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

1912ஆம் ஆண்டு வசந்த காலத்தில் தந்தையும் மகனும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். கோடைக்காலப் போட்டிகளில் ஆடிய பின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்வது 21 வயது நிரம்பிய மகனின் திட்டம். பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் அவர்கள் ஏறிய கப்பலின் பெயர் டைட்டானிக்.

ஏப்ரல் 14, நள்ளிரவு

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அறையை விட்டு வெளியே வந்த நோரிஸ், ஒரு பயணி தம் அறைக்குள் சிக்கிக்கொண்டு கதவைத் திறக்க இயலாமல் தவிப்பதைக் கண்டார். தோளால் இடித்துக் கதவை உடைத்து அவரை வெளியேற்றினார். கப்பல் நிறுவனத்தின் உடைமையைச் சேதப்படுத்தியதாகப் புகார் செய்யப்போவதாக அங்கிருந்த பணியாள் ஒருவர் அவரை மிரட்டினாராம். இன்னும் சில மணி நேரத்தில் கடலின் அடியில் கிடக்கப்போகும் கதவுக்கு இழப்பீடு கேட்டவர், நிலைமையின் கடுமையை அறியாதவராகவே இருந்திருக்க வேண்டும். 1997இல் வெளிவந்த டைட்டானிக் திரைப்படத்தில் இதையொத்த காட்சி ஒன்று உண்டு.

கப்பலில் இருந்தோர் 2200க்கும் மேற்பட்டோர். உயிர்காப்புப் படகுகள் 20. அவை அனைத்தும் நிரம்பினாலும் 1178 பேருக்குத்தான் இடம். பெண்களும் குழந்தைகளும் முதலில் ஏற்றப்பட்டனர். தந்தையும் மகனும் படகுக்கு முந்தவில்லை. குளிரைத் தாங்குவதற்காகக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் நிலைமிதிவண்டிகளை மிதித்துக்கொண்டிருந்தனர் என்று சொல்லப்படுகிறது. கடைசிப் படகுகளும் சென்ற பிறகு, தண்ணீர் மேல்தளத்தை எட்டியபோது இருவரும் கடலுக்குள் இறங்கினர். அந்நேரத்தில் கப்பலின் முன்புறத்திலிருந்த மாபெரும் புகைபோக்கி முறிந்து சரிந்தது. மகனின் கண்முன்னே தந்தை அதன்கீழ் அகப்பட்டு மாண்டார்.

அந்தப் புகைபோக்கி விழுந்த வேகத்தில் எழுந்த அலை, நோரிசைக் கப்பலிலிருந்து தொலைவுக்குத் தள்ளியது. தந்தையைக் கொன்றதே மகனைக் காத்தது. மேலணிந்திருந்த கனத்த கம்பளி மயிர்க்கோட்டையும் காலணிகளையும் நீரிலேயே கழற்றி எறிந்துவிட்டு நீந்தினார். பாதி மூழ்கிய நிலையில் மிதந்துகொண்டிருந்த மடக்குப் படகு ஒன்றை எட்டிப் பற்றிக்கொண்டார்.

மடக்குப் படகு என்பது அடிப்பகுதி மரத்தாலும் பக்கங்கள் தடித்த துணியாலும் ஆனது. துணிப் பக்கங்களை உயர்த்திக் கட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. இந்தப் படகின் பக்கங்களை உயர்த்த நேரம் கிடைக்கவில்லை. கடல் அதனைத் தளத்திலிருந்து அடித்துச் சென்றிருந்தது. அதனால் அதில் ஏறியவர்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தது. உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் சுழியப் பாகையிலும் உறைவதில்லை. அன்றிரவு அவ்விடத்துக் கடல்நீரின் வெப்பம் அதனினும் கீழே இருந்தது. நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சரிந்து விழுந்தனர். விடியும் முன்னர் வேறொரு படகு வந்து மீட்டபோது உயிருடன் இருந்தோர் பன்னிருவர் அளவினரே. அவர்களுள் ஒருவர் நோரிஸ். அன்றிரவு மாண்டோர் ஏறத்தாழ 1500 பேர்.

மருத்துவரின் முடிவு

உயிர் தப்பியோரைக் கார்பேத்தியா என்னும் கப்பல் ஏற்றிக்கொண்டது. நோரிசின் இரு கால்களும் முழங்காலிலிருந்து கீழே உணர்விழந்து நிறம் மாறியிருந்தன. கடுங்குளிரில் நெடுநேரம் இருக்கும் உறுப்புகளில் இரத்த ஓட்டம் நின்றுவிடும்; தசை அழியத் தொடங்கும்; அழுகல் உடலின் மற்றப் பகுதிகளுக்கும் பரவினால் உயிருக்கே கேடு. எனவே இரண்டு கால்களையும் வெட்டி எடுப்பதே நல்லது என்று கப்பலிலிருந்த மருத்துவர் கருதினார். நூற்றுக்கணக்கானோரைக் கவனிக்க வேண்டிய நிலையில், அக்கால மருத்துவ அறிவுக்கு உட்பட்டு அவர் சொன்ன அறிவுரையைக் குறை கூறுவதற்கில்லை. நோயாளி இறந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

நோரிஸ் மறுத்தார். இக்கால்கள் தமக்குத் தேவைப்படும் என்று சொல்லி அறுவையைத் தவிர்த்தார். அத்துடன் நிற்கவில்லை, எழுந்து நடக்கத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, பகலென்றும் இரவென்றும் பாராமல், உறக்கத்தைக் கலைத்துக்கொண்டு எழுந்து கப்பலின் தளத்தில் நடந்தார். உணர்வற்ற கால் மெல்ல உயிர்பெறும்போது எழும் வலி, முழுதும் உணர்வற்றிருந்தபோது இல்லாதது; ஒவ்வொரு நடையும் அந்த வலியைக் கூட்டியே தீரும். தந்தையை இழந்து ஒருநாள் கூட ஆகாத இளைஞர், தம்மைத் தேற்றுவார் எவருமின்றி அந்த நடையைத் தொடர்ந்தார். ஏப்ரல் 18ஆம் நாள் இரவு கார்பேத்தியா நியூயார்க்குத் துறைமுகத்தை அடைந்தபோது அவர் தம் கால்களோடு இறங்கினார்.

இதனை மனவலிமையின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிடுவது எளிது. அவர் எடுத்தது பேரிடர் நிறைந்த முடிவு என்பதையும் மறக்கலாகாது. அழுகல் தொடங்கியிருந்தால் அந்த மறுப்பே அவர் உயிரைப் பறித்திருக்கும். தோற்றால் என்ன நேரும் என்பதை அறிந்தே அவர் நடந்தார்.

டைட்டானிக்கிலிருந்து தப்பிய இன்னொரு டென்னிஸ் வீரரும் கார்பேத்தியாவில் இருந்தார். அவர் கார்ல் பேர். தாம் மணக்க விரும்பிய பெண்ணைத் தொடர்ந்து அக்கப்பலில் பயணம் செய்தவர். அப்பெண்ணும் உயிர் பிழைத்தார். மறு ஆண்டே இருவருக்கும் திருமணம் நடந்தது. நோரிசும் பேரும் நண்பர்களாயினர். 1912 ஜூலையில் பாஸ்டன் நகரின் லாங்வுட் சங்கப் போட்டியில் இருவரும் எதிரெதிரே நின்றனர். முதல் இரு செட்டுகளை இழந்த பேர், அடுத்த மூன்றையும் கைப்பற்றி வென்றார்.

பிலடெல்பியா, 1912

அந்த ஆட்டத்திற்கு முன்பே, ஜூன் மாதத்தில், நோரிஸ் ஒரு தேசியப் பட்டத்தை வென்றிருந்தார். அக்காலத்தில் அமெரிக்கத் தேசியப் போட்டியின் ஆடவர் ஒற்றையர் ஆட்டங்கள் நியூபோர்ட்டில் நடந்தன. மகளிர் பிரிவும் கலப்பு இரட்டையர் பிரிவும் பிலடெல்பியா கிரிக்கெட் சங்கத்தின் புல்தரைகளில் நடந்தன. இன்று அமெரிக்க ஓப்பன் என்று அழைக்கப்படுவது இப்போட்டியின் வளர்ச்சியே.

நோரிசின் இணை மேரி பிரவுன். கலிபோர்னியாவைச் சேர்ந்த அவருக்கும் வயது 21தான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் மகளிர் ஒற்றையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்று பட்டங்களையும் ஒருசேர வென்றுவந்த ஹேசல் ஹாட்ச்கிஸ், திருமணம் செய்துகொண்டதால் 1912இல் பட்டத்தைக் காக்க வரவில்லை. அவர் விட்டுச் சென்ற மூன்று பட்டங்களையும் மேரி பிரவுன் அவ்வாண்டு வென்றார். ஹேசலின் பெயர் இக்கதையில் மீண்டும் வரும்.

இறுதி ஆட்டத்தில் எலியனோரா சியர்சும் வில்லியம் குளோத்தியரும் எதிர்த்து ஆடினர். குளோத்தியர் 1906இல் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றவர், உள்ளூர்க்காரரும்கூட. சியர்ஸ் பல விளையாட்டுகளில் பெயர் பெற்றவர். தாமஸ் ஜெபர்சனின் வழித்தோன்றல். அமெரிக்க விடுதலை அறிக்கையை உருவாக்கிய பிராங்க்ளின், ஜெபர்சன் இருவரின் வழிவந்தோரும், அவ்வறிக்கை நிறைவேறிய அதே நகரில், வலையின் இரு புறமும் நின்றனர் என்பதை வரலாற்று மாணவர்கள் சுவைப்பர்.

முதல் செட்டை மேரி-நோரிஸ் இணை 6-4 என வென்றது. இரண்டாவதை 2-6 என இழந்தது. மூன்றாவது செட்டில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று இரு தரப்பும் ஆறு ஆட்டங்களில் சமநிலை அடைந்தால் சமநிலை முறிப்பு முறையால் விரைவில் முடிவு காணப்படும். அம்முறை அன்று இல்லை. ஒரு தரப்பு மற்றொன்றைவிட இரண்டு ஆட்டங்கள் முன்னேறும்வரை செட் நீண்டுகொண்டே இருக்கும். அந்த ஒரு செட்டில் மட்டும் 20 ஆட்டங்கள் நடந்தன. 11-9 என்று மேரியும் நோரிசும் வென்றனர். வெட்டி எறியப்பட வேண்டியவை என்று இரு மாதங்களுக்கு முன் கருதப்பட்ட கால்கள் மொத்தம் 38 ஆட்டங்களுக்கு அந்தப் புல்தரையில் ஓடித் திரும்பி நின்றன.

வெற்றிகளும் போர்க்களமும்

அதன் பிறகு அவர் வளர்ச்சி விரைவானது. ஹார்வர்டு மாணவராக 1913, 1915 ஆகிய ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1913இல் டேவிஸ் கோப்பையைக் கைப்பற்றிய அமெரிக்க அணியில் இடம்பெற்றார். 1914இல் நியூபோர்ட்டில் நடந்த தேசியப் போட்டியின் காலிறுதியில் அவர் சந்தித்தவர் மீண்டும் கார்ல் பேர். இம்முறை நோரிஸ் வென்றார். இறுதியில் மாரிஸ் மெக்லாப்லினை நேர் செட்டுகளில் வீழ்த்தி முதன்முறையாக ஒற்றையர் பட்டமும் பெற்றார். 1916இல் பில் ஜான்ஸ்டனை ஐந்து செட்டுகளில் வென்று அப்பட்டத்தை இரண்டாம் முறை அடைந்தார்.

அவரது ஆட்டம் துணிச்சலானது. பந்து தரையில் பட்டு எழும் நொடியிலேயே அதனை எதிர்கொண்டு, கோட்டை ஒட்டிச் செல்லுமாறு பலங்கொண்டு அடிப்பார். இவ்வாறு ஆடுபவருக்குப் பந்து சிறிது தவறினாலும் புள்ளி பறிபோகும். அதனால் சில நாள்களில் எளியவரிடமும் தோற்பார். அடிகள் கோட்டினுள் விழும் நாள்களில் எவராலும் அவரை வெல்ல இயலாது. பாதுகாப்பாக ஆடியிருந்தால் இன்னும் பல பட்டங்களை அவர் வென்றிருக்கக்கூடும். அப்படி ஆட அவர் ஒருபோதும் விரும்பவில்லை.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். 1918இல் நடந்த இரண்டாம் மார்ன் போரில் பங்கேற்றார். பிரெஞ்சு அரசு போர்ச் சிலுவைப் பதக்கமும் லெஜியன் ஆப் ஹானர் விருதும் வழங்கிச் சிறப்பித்தது. போர் முடிந்தபின் 1920இல் சார்லஸ் கார்லண்டுடன் இணைந்து விம்பிள்டன் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றார். 1921 முதல் 1926 வரை டேவிஸ் கோப்பை அணியின் தலைவராக விளங்கினார். அக்காலம் முழுவதும் கோப்பை அமெரிக்காவிலேயே இருந்தது.

பாரிசில் ஒரு சுளுக்கு

1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் பாரிசில் நடந்தன. டென்னிஸ் ஆட்டங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நகருக்கு வெளியே இருந்த கொலோம்ப். அந்த ஜூலையில் வெயில் கடுமையாக இருந்தது. ஆடுகளங்களிலும் உடைமாற்றும் அறைகளிலும் போதிய வசதி இல்லையென்று பல நாட்டு வீரர்களும் குறைகூறினர். இந்தியாவின் சார்பிலும் அங்கு டென்னிஸ் அணி ஒன்று ஆடியது. கலப்பு இரட்டையரில் நோரா பாலியும் சிட்னி ஜேக்கபும் இணைந்து களமிறங்கினர்.

அப்போது நோரிசுக்கு வயது 33. அவருடைய இணை, 12 ஆண்டுகளுக்கு முன் மேரி பிரவுனுக்கு மூன்று பட்டங்களையும் விட்டுச்சென்ற அதே ஹேசல். திருமணத்திற்குப் பின் ஹேசல் வைட்மன் என்று அழைக்கப்பட்ட அவருக்கு வயது 37. குழந்தைகளுக்குத் தாயான பின்னும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. இளமையில் அவர் வீட்டருகே ஆடப் பழகிய தரை மேடுபள்ளமாக இருந்தது. பந்து தரையில் பட்டால் எப்பக்கம் துள்ளும் என்று சொல்ல இயலாது. எனவே பந்து தரையைத் தொடும் முன்பே அடிக்கப் பழகினார். அவர் பிற்காலத்தில் வலையருகே ஆடுவதில் ஈடற்றவரானதற்கு அந்தக் கரடுமுரடான தரையும் ஒரு காரணம். உயரம் குறைந்தவர், ஆயினும் பந்து எங்கு வரும் என்பதை முன்னறிந்து அங்கே நிற்பவர். அமெரிக்க, பிரித்தானிய மகளிருக்கிடையே 1923இல் தொடங்கிய வைட்மன் கோப்பை அவர் வழங்கியதே.

போட்டியின் நடுவில் நோரிசின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஓடுவதிருக்கட்டும், நடப்பதே அரிதாயிற்று. கார்பேத்தியாவின் தளத்தில் வலியோடு நடந்த மனிதர் இம்முறை விலகிவிட எண்ணினார். இது முரணாகத் தோன்றலாம். அன்று அவர் பணயம் வைத்தது தம்மை மட்டுமே. இன்று அவர் ஆடினால் தோல்வியில் பாதி ஹேசலைச் சேரும். ஒரு காலால் ஆடும் இணையைச் சுமந்துகொண்டு ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஆடுமாறு அவரை வற்புறுத்த நோரிஸ் விரும்பவில்லை.

ஹேசல் விலகலுக்கு இசையவில்லை. நோரிஸ் வலையருகே நின்றால் போதும், தலைக்கு மேல் செல்வதையும் பின்களத்துக்கு வருவதையும் தாம் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு செய்தார். அக்காலக் கலப்பு இரட்டையரில் ஆடுகளத்தின் பெரும்பகுதியை ஆண் ஓடிக் காப்பதே வழக்கம். பெண் தம் பக்கத்துக்கு வருவதை மட்டும் திருப்பினால் போதும் என்று எண்ணினர். கொலோம்பில் அந்த வழக்கம் தலைகீழானது. வலையருகே ஆடுவதில் வல்லவரான ஹேசல் தமக்குரிய இடத்தை நோரிசுக்குக் கொடுத்துவிட்டு, பின்களத்தில் ஓடும் வேலையைத் தாம் ஏற்றார்.

இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றவர்களும் அமெரிக்கர்களே: மேரியன் ஜெசப், வின்சென்ட் ரிச்சர்ட்ஸ். ரிச்சர்ட்ஸ் அதே ஒலிம்பிக்கில் ஒற்றையரிலும் ஆடவர் இரட்டையரிலும் தங்கம் வென்றவர். நல்ல உடல்நிலையில் இருந்தவர். ஆட்டம் நெடுநேரம் நீளவில்லை. 6-2, 6-3 என்ற கணக்கில் ஹேசலும் நோரிசும் தங்கப் பதக்கம் பெற்றனர். தோற்ற ரிச்சர்ட்சே பின்னர் நோரிசின் இணையானார். 1925, 1926 ஆகிய இரு ஆண்டுகளும் அவர்கள் அமெரிக்க ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றனர்.

பிற்காலம்

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நோரிஸ் பிலடெல்பியாவில் முதலீட்டுத் துறையில் பணியாற்றினார். பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தின் தலைவராகவும் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பழைய ஆவணங்களைப் போற்றிக் காத்த அவர், தாம் கண்ட பெருந்துயரைப் பற்றிப் பொதுவெளியில் அரிதாகவே பேசினார். 1957இல் டென்னிஸ் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அம்மன்றம் அமைந்திருப்பது, 1914இல் அவர் முதல் ஒற்றையர் பட்டம் வென்ற நியூபோர்ட்டின் அதே வளாகத்தில். 1968ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், 77ஆம் வயதில் அவர் மறைந்தார். ஹேசல் அதற்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

பாரிசு ஒலிம்பிக்கோடு டென்னிஸ் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஊதியம் பெறாத ஆட்டக்காரர் என்பவர் யார் என்பதில் ஒலிம்பிக் குழுவுக்கும் டென்னிஸ் கூட்டமைப்புக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடு அதற்கு ஒரு காரணம். 1988இல் டென்னிஸ் திரும்பி வந்தபோதும் கலப்பு இரட்டையர் சேர்க்கப்படவில்லை. டைட்டானிக் மூழ்கிய நூறாம் ஆண்டான 2012இல், லண்டன் ஒலிம்பிக்கில்தான் அப்பிரிவு மீண்டும் இடம்பெற்றது. அதுவரை 88 ஆண்டுகள், ஒலிம்பிக் கலப்பு இரட்டையர் வெற்றியாளர் பட்டியலின் கடைசி வரியில் ஹேசல் வைட்மன், நோரிஸ் வில்லியம்ஸ் என்னும் இரு பெயர்களே இருந்தன.